கம்பளித் துணி இரும்புப் பீரோ ஆன வழி

நகை, பட்டுப்புடவை, நிலப்பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றை ஒருங்கே வைத்துப் பூட்டும் ஆளுயர இரும்புப் பெட்டிக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் பீரோ. திண்டுக்கல்லுக்கு வடக்கே குடகனாற்றை ஒட்டி அமைந்த பேரூரான தாடிக்கொம்பிலும், அதைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும், திருமணச் சீர்வரிசையில் கட்டிலுக்கும் மெத்தைக்கும் அடுத்து வண்டியில் ஏறுவது பெரும்பாலும் இந்தப் பீரோதான். பேச்சுத் தமிழில் இவ்வளவு ஊறிவிட்ட இச்சொல் பிரெஞ்சு மொழியின் ‘ப்யூரோ’ என்பதன் வழி வந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் வேரோ ‘புர்ரா’ என்னும் பிற்கால இலத்தீன் சொல்லில் இருக்கிறது. இவ்விரு சொற்களின் முதலெழுத்தும் ‘பஸ்’ என்னும் சொல்லில் உள்ளதுபோல் மெலிந்து ஒலிப்பது. வியப்பு என்னவென்றால், பிரெஞ்சில் அச்சொல்லுக்கு இரும்புப் பெட்டி என்ற பொருளே இல்லை. இலத்தீனிலோ அது மரத்தையும் இரும்பையும் தொடாத, வெறும் ஆட்டுமயிர்ச் சொல்.

‘புர்ரா’ என்பது சிடுக்கும் முடிச்சுமான முரட்டுக் கம்பளி மயிரையும், அதனால் ஆன சொரசொரப்பான ஆடையையும் குறித்தது. மதிப்பற்ற பொருள் என்பதால் அதன் பன்மை வடிவம் ‘வெற்றுப் பேச்சு, உதவாத எழுத்து’ என்ற பொருளையும் பெற்றது. இன்றைய பிரான்சின் போர்தோ நகரில் பிறந்து 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இலத்தீன் கவிஞர் அவுசோனியுஸ், தம் படைப்பை அடக்கத்தோடு தாழ்த்திச் சொல்லும்போது இச்சொல்லைக் கையாண்டிருக்கிறார். பிரெஞ்சில் இதற்குப் பல வாரிசுகள் உண்டு. மெத்தைக்குள் திணிக்கும் கழிவுமயிருக்கும், பழைய துப்பாக்கிக் குழலில் வெடிமருந்தின்மேல் இட்டு இறுக்கும் அடைப்புக்கும் ‘பூர்’ என்று பெயர். அதிலிருந்து ‘திணித்தல்’ என்னும் வினைச்சொல் கிளைத்தது. துறவிகள் உடுத்திய சாயமிடாத பழுப்புக் கம்பளிக்கு ‘ப்யூர்’ என்று பெயர். அக்கம்பளி வகையைச் சேர்ந்த துணியே 12ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘ப்யூரெல்’ எனப்பட்டது. பிரெஞ்சில் சொல்லிறுதி லகரம் உயிராகக் கரைந்துவிடுவது வழக்கம். கோட்டையைக் குறித்த ‘காஸ்தெல்’ என்னும் பழஞ்சொல் ‘ஷாத்தோ’ ஆனது போலவே ‘ப்யூரெல்’ என்பதும் ‘ப்யூரோ’ ஆயிற்று.

வேரைப் பற்றி இன்னொரு கருத்தும் மொழியறிஞரிடையே உண்டு. கிரேக்கத்தில் நெருப்பின் செந்நிறத்தைக் குறிக்கும் ‘பிர்ரோஸ்’ என்னும் சொல், இலத்தீனில் ‘புர்ருஸ்’ என்று வழங்கியது; கி.மு. 280இல் உரோமோடு போர் தொடுத்த எபிருஸ் நாட்டு அரசர் பிர்ருஸின் பெயரைக் கவிஞர் என்னியுஸ் ‘புர்ருஸ்’ என்றே எழுதிவந்தார் என்று சிசரோ பதிவு செய்திருக்கிறார். சாயமிடாத கம்பளியின் செம்பழுப்பு நிறத்தால் துணிக்கு அப்பெயர் வந்தது என்பது அக்கருத்தினரின் வாதம். ஆயினும் மயிரின் முரட்டுத் தன்மையைக் குறித்த ‘புர்ரா’வோடு இணைப்பதே பொருளுக்கும் ஒலிக்கும் நெருக்கமாகப் படுகிறது.

துணியிலிருந்து அலுவலகத்துக்குச் சொல் நகர்ந்த விதம் இடைக்கால ஐரோப்பாவின் கணக்கு வழக்கத்தோடு பிணைந்தது. அக்காலத்தில் வரவு செலவு பார்ப்போர் மேசைமேல் கெட்டித் துணி விரித்து, அதன்மேல் காசுகளையும் எண்ணுவதற்கான வில்லைகளையும் நகர்த்திக் கணக்கிட்டனர். துணி இருந்தால் காசு உருளாது, ஓசை எழாது, மைக்கறை பலகையில் படியாது. இங்கிலாந்தின் அரசுக் கருவூலக் கணக்குமுறையை 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உரையாடல் வடிவில் விளக்கி எழுதிய ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், அம்மேசை ஏறத்தாழப் பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்டது என்றும், விளிம்பு நான்கு விரல் உயரம் எழும்பியிருந்தது என்றும், அதன்மேல் கோடுகள் இழைத்த கருந்துணி விரிக்கப்பட்டது என்றும் கூறுகிறார். அத்துணி சதுரங்கப் பலகை போல் தோன்றியதால், சதுரங்கப் பலகையைக் குறித்த இலத்தீன் சொல் அந்நாட்டு நிதித்துறைக்கே பெயராகி, ‘எக்ஸ்செக்கர்’ என்று இன்றும் நிலைத்திருக்கிறது. இங்கிலாந்தில் துணியின் கட்டம் பெயர் தந்தது. பிரான்சில் துணியே பெயர் தந்தது. ‘ப்யூரோ’ முதலில் விரிப்பு, பிறகு விரிப்பு போட்ட மேசை, பிறகு மேசை போட்ட அறை, அதன்பின் அறையில் நடக்கும் அலுவல், இறுதியில் அலுவல் பார்க்கும் குழு என்று பொருள் மாறிக்கொண்டே சென்றது.

இவ்வரிசையைப் புரிந்துகொள்ள ஐரோப்பியச் சொற்பொருளியலைத் தேடிப் போக வேண்டியதில்லை; தமிழ் இலக்கணம் இதற்கு வேண்டிய கருவிகளை முன்பே கூர்தீட்டி வைத்திருக்கிறது. ஒரு பொருளின் இயற்பெயர் அதனோடு தொடர்புடைய வேறொரு பொருளுக்குத் தொன்றுதொட்டு ஆகிவருவதை ஆகுபெயர் என்று தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்துள்ளன. ஆகுபெயர் வகைகளுள் தானியாகுபெயர் என்று ஒன்று உண்டு. ஓரிடத்தில் இருக்கும் பொருள் தானி, அது இருக்கும் இடம் தானம். பொருளின் பெயர் இடத்துக்கு ஆகிவந்தால் அது தானியாகுபெயர். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைக் கருதிப் ‘பாலை இறக்கு’ என்பது இதற்குப் பள்ளிப் பாடநூல்கள் தரும் எடுத்துக்காட்டு. விரிப்பின் பெயர் மேசைக்கும், மேசையின் பெயர் அறைக்கும் சென்றது இதே வகை. அறையின் பெயர் அங்கிருக்கும் மனிதர்களைக் குறிக்கத் தொடங்கியதும், ‘ஊர் சிரித்தது’ என்பது போன்ற இடவாகுபெயர். மயிரின் பெயர் அதனால் நெய்த துணிக்கு வந்ததும் ஆகுபெயரே. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஆகிவருவதற்கும் தமிழில் முன்மாதிரி உண்டு: ‘கார்’ என்பது முதலில் கருநிறம், பிறகு கருநிற மேகம், அதன்பின் அம்மேகம் பெய்யும் பருவம், கடைசியில் அப்பருவத்தில் விளையும் நெல். ‘கார் அறுத்தான்’ என்னும் தொடரில் உள்ளதை மும்மடியாகுபெயர் என்பர். அந்த அளவுகோலால் அளந்தால் ‘ப்யூரோ’ மும்மடியையும் தாண்டிய ஆகுபெயர்.

அலுவலகம் என்ற பொருள் நிலைபெற்றபின் அச்சொல்லின் செல்வாக்கு பெருகியது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொருளியல் சிந்தனையாளர் வின்சென்ட் து கூர்னே, அலுவலர்களின் ஆட்சி வரம்பு மீறிப் பெருகுவதைக் கண்டு, ப்யூரோவோடு ஆட்சியைக் குறிக்கும் கிரேக்க விகுதியை ஒட்டவைத்துப் ‘ப்யூரோக்ரசி’ என்று ஒரு சொல்லை உருவாக்கினார். 1764இல் எழுதப்பட்ட ஒரு மடலில் பாரன் து கிரிம் இச்செய்தியைக் குறித்திருக்கிறார். தமிழில் அதிகார வர்க்கம் என்று வழங்குவது இதுவே. பொதுவுடைமைக் கட்சிகளின் ‘பொலிட்பீரோ’வும், செய்தி நிறுவனங்கள் பிற நகரங்களில் வைத்திருக்கும் ‘பீரோ’வும் இக்கிளையைச் சேர்ந்தவை.

இரும்புப் பீரோவின் கிளை இதுவன்று; அது மேசை என்ற பொருளிலிருந்து பிரிந்தது. பிரான்சில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் எழுதும் மேசை வெறும் பலகையாக நிற்காமல், இழுப்பறைகளும் மூடியும் பூட்டும் கொண்ட நுண்வேலைப்பாட்டுப் பொருளாக வளர்ந்தது. அதன் உச்சம் பதினைந்தாம் லூயி மன்னருக்காக 1760இல் ழான் பிரான்சுவா ஓபென் தொடங்கி, அவர் இறந்தபின் ழான் ஆன்றி ரீசெனெர் 1769இல் முடித்துக்கொடுத்த மேசை. வளைந்த மூடியை இழுத்து அடைத்தால் எழுதிய தாள்கள் யார் கண்ணுக்கும் படாமல் மறைந்துவிடும். வெர்சாய் அரண்மனையின் பெருமைகளுள் ஒன்றான அம்மேசையில் அரசரின் மறைபொருள்களைக் காத்தது சாவியே. ஆங்கிலம் இச்சொல்லை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடன் வாங்கியபோது, சாய்வுப் பலகையும் அதன்கீழ் இழுப்பறைகளும் கொண்ட எழுதுமேசைக்கே அதைப் பெயராக்கியது. பழைய கடைவீதிகளில் கணக்குப்பிள்ளைகள் சாய்ந்த மூடியின்மேல் ஏட்டை வைத்து எழுதி, அதே பெட்டிக்குள் பணத்தைப் பூட்டிவைத்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, எழுதும் பலகையும் காக்கும் பெட்டியும் ஒரே பொருளாக இருப்பதில் புதுமை தோன்றாது. அமெரிக்காவில் எழுதும் பலகை கழன்றுபோய், துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டிக்கு அப்பெயர் நின்றது. தென்னிந்தியாவில் இழுப்பறைகளும் குறைந்து, கதவும் அடுக்குகளும் பூட்டும் எஞ்சின.

தென்னிந்தியா என்று குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தெலுங்கில் இப்பொருளுக்கு ‘பீருவா’ என்றும், கன்னடத்தில் ‘பீரு’ என்றும் பெயர். இந்தி பேசுவோரோ ‘அல்மாரி’ என்பர், மலையாளிகள் ‘அலமாரா’ என்பர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு ஆட்சி நெடுங்காலம் நடந்ததால், அவ்வழியே இச்சொல் நேராகத் தமிழுக்கு வந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் பிரெஞ்சுக்காரர் ஆண்ட மாஹேயைத் தன்னுள் கொண்ட மலையாள நிலத்தில் பீரோ வேரூன்றவில்லை. பிரெஞ்சுக் குடியேற்றமே இல்லாத கன்னட நிலத்தில் வேரூன்றியிருக்கிறது. பிரெஞ்சு பேசியவர்களுக்கு அச்சொல் மேசையையும் அலுவலகத்தையுமே குறித்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சென்னை மாகாணத்தில் புழங்கிய ஆங்கிலத்தின் வழியே அறைகலன் பெயராக அது பரவியது என்று கொள்வதே பொருத்தமானது.

மரப் பீரோ இரும்புப் பீரோவாக மாறியதில் பூட்டுத் தொழிலுக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. 1897இல் பம்பாயில் பூட்டுச் செய்யத் தொடங்கிய அர்தேஷிர் கோத்ரெஜின் நிறுவனம், அடுத்துப் பணப்பெட்டகங்களையும் 1923 முதல் எஃகு அலமாரிகளையும் செய்தது. தமிழ்நாட்டில் எந்த நிறுவனத்தின் இரும்பு அலமாரியையும் ‘கோத்ரெஜ் பீரோ’ என்று சொல்லும் வழக்கம் அதனால் வந்தது. பூட்டு, பெட்டகம், பீரோ என்னும் இந்த வரிசை திண்டுக்கல்லுக்கும் அந்நியமானதன்று. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு முதலாகப் பலவகைப் பூட்டுகளைக் கையால் அறுத்து, அராவி, நெம்புகளைப் பொருத்திச் செய்யும் இந்நகரின் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்த தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலேயே பூட்டு, இரும்புச் சாமான், எஃகு அறைகலன் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கின்றன. பூட்டுக்காரரும் பீரோக்காரரும் ஒரே பட்டறைக் குடும்பத்தினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நெம்புப் பூட்டின் உள்ளே பித்தளை நெம்புகள் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். சாவியின் பற்கள் அவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரியான மட்டத்துக்கு உயர்த்தினால்தான் தாழ் நகரும். ஒரு நெம்பு அந்த மட்டத்துக்கு மேலே போனாலும் கீழே நின்றாலும் தாழ் அசையாது. பீரோவின் கைப்பிடிக்கு அருகே உள்ள சிறு துளைக்குப் பின்னால் நடப்பதும் ஏறத்தாழ இதுவே.

தாடிக்கொம்பு வீடுகளில் பீரோவுக்கு ஒரு மூத்த உறவுச் சொல்லும் வழங்குகிறது, அது அலமாரி. சுவரில் பதித்த அடுக்குக்கும், மரத்தாலான தனி அடுக்குக்கும் பெயராக நிற்கும் இச்சொல், போர்த்துகீசியரிடமிருந்து இந்திய மொழிகளுக்கு வந்தது. இதன் மூலம் ‘அர்மாரியம்’ என்னும் இலத்தீன் சொல். பிரெஞ்சில் அதன் இன்றைய வடிவம் ‘அர்முவார்’. ‘அர்மா’ என்றால் படைக்கலம், கருவி. அவற்றை வைக்கும் இடம் அர்மாரியம். அடுத்தடுத்து இரண்டு ரகரம் வந்தால் நா இடறும் என்பதால் முதல் ரகரம் லகரமாகத் திரிந்து ‘அல்மாரி’ என்னும் வடிவம் ஐரோப்பிய மொழிகளிலேயே தோன்றிவிட்டது. ஆயுதம் வைத்த இடம் நாளடைவில் துணியும் உணவும் பணமும் வைக்கும் இடமாயிற்று. இடைக்கால மடங்களில் நூல்கள் வைக்கும் இடமும் அதுவே, நூல்களைக் காக்கும் துறவிக்கு ‘அர்மாரியுஸ்’ என்று பெயர்.

உரோமானியர் வீட்டு அலமாரி எப்படி உடைக்கப்பட்டது என்பதற்குச் சிசரோ கி.மு. 66இல் குளுவெந்தியுஸ் என்பவருக்காக வாதாடிய உரை சான்று தருகிறது. லாரினம் என்னும் ஊரில் சாஸியா என்னும் பெண்ணின் வீட்டு அலமாரியில் காசும் பொன்னும் இருப்பதை அறிந்த ஸ்திராத்தோ என்னும் அடிமை, இரவில் உடன் அடிமைகள் இருவரைக் கொன்று மீன் குளத்தில் தள்ளிவிட்டு, அலமாரியின் அடிப்பலகையை வளைவாக அறுத்தெடுத்துப் பணத்தையும் ஐந்து ராத்தல் பொன்னையும் கவர்ந்தான். அவ்வாறு அறுக்க எந்தக் கருவியால் முடியும் என்று எல்லோரும் திகைத்தபோது, வளைந்த பற்களை உடைய சிறு ரம்பம் ஒன்று ஏலத்தில் விற்கப்பட்டது ஒருவருக்கு நினைவுக்கு வர, ஏலக்காரர்களின் கணக்கைப் பார்த்ததில் அதை வாங்கியவன் ஸ்திராத்தோ என்பது வெளிப்பட்டது. பூட்டைத் தொடாமல் அடியைத் தொட்ட அந்தத் திருட்டை, தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ‘பீரோ புல்லிங்’ என்ற பெயரில் வரும் செய்திகளோடு ஒப்பிடலாம். சன்னலோரம் வைத்த பீரோவை வெளியிலிருந்தே இழுத்துத் திறக்கும் திருடர்களும் கதவுப் பூட்டைத் தொடுவதில்லை.

ஆயுதம் வைக்கும் இடம் என்ற பழைய பொருளுக்குத் திண்டுக்கல் நேரடிச் சான்றே உடையது. 1755இல் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக, அதாவது படையும் ஆட்சியும் ஒருங்கே கையில் கொண்ட அதிகாரியாக, இருந்த ஹைதர் அலி, பிரெஞ்சு வல்லுநர்களின் துணையோடு அங்கே ஓர் ஆயுதச்சாலையை நிறுவினார். துப்பாக்கியில் மருந்தை இறுக்கும் அடைப்பைப் ‘பூர்’ என்று சொல்லும் மொழியினர், ‘அர்மாரியம்’ என்பதன் முதற்பொருளுக்கு ஏற்ற இடத்தில் பணி செய்தனர்.

பூட்டு தமிழ்ச் சொல். அதைத் திறக்கும் சாவி இலத்தீனின் வழித்தோன்றல். இலத்தீனில் ‘கிளாவிஸ்’ என்றால் திறவுகோல். பிரெஞ்சில் அது ‘க்ளே’ என்று குறுகியது; போர்த்துகீசியத்திலோ சொல்முதல் ககர லகரக் கூட்டு சகரமாகத் திரிவதால் ‘சாவெ’ என்றாயிற்று, தமிழர் அதைச் சாவி ஆக்கிக்கொண்டனர். ‘மேசை’யும் அவ்வாறே இலத்தீனின் ‘மென்சா’விலிருந்து போர்த்துகீசியர் வழி வந்தது. தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் தேய்பிறை அட்டமியன்று சொர்ண ஆகர்ஷண பைரவரை வணங்கித் திரும்புவோர், வீட்டுக்கு வந்து சாவி எடுத்துப் பீரோவைத் திறக்கும்போது, வடமொழி, போர்த்துகீசியம், பிரெஞ்சு ஆகிய மூன்றின் சொற்களையும் சில நாழிகைக்குள் தமிழாகவே புழங்கிவிடுகின்றனர்.

இலத்தீனையும் பிரெஞ்சையும் தமிழையும் ஒரே பக்கத்தில் நிறுத்திய முயற்சி ஒன்றும் தமிழ் மண்ணில் நடந்திருக்கிறது. 1846இல் புதுச்சேரியில் இலத்தீன், பிரெஞ்சு, தமிழ் ஆகிய மும்மொழி அகராதி ஒன்று அச்சாயிற்று; அதைத் தொகுத்த மறைப்பணியாளர் இருவரும் முகப்பில் தம் பெயரைக் கூடப் பொறித்துக்கொள்ளவில்லை. அதை அடுத்து மூசேயும் துப்யூயியும் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரு தொகுதிகளாக அதே நகரில் வெளிவந்தது. ஒரு சொல்லின் இலத்தீன் வடிவும் பிரெஞ்சு வடிவும் தமிழ்ப் பொருளோடு அடுத்தடுத்து நின்ற அந்த உழைப்பு இன்னும் உரிய மதிப்பைப் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அரசுத் தமிழில் இச்சொல்லுக்கு நேர்ந்தது வேறொரு கதை. பெயரில் ‘பீரோ’ கொண்ட அரசு நிறுவனங்களைத் தமிழாக்குவோர் அதை ஒரே சொல்லால் பெயர்ப்பதில்லை: சி.பி.ஐ. என்பதில் அது ‘துறை’. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் என்பதில் ‘காப்பகம்’. பத்திரிகை தகவல் அலுவலகம் என்பதில் ‘அலுவலகம்’. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்பதில் ‘பணியகம்’. இலங்கைத் தமிழர் துணி வைக்கும் பெட்டியை ‘அலுமாரி’ என்றே சொல்வதால் அவர்களுக்குப் பீரோ என்னும் சொல் அறைகலனாகப் பழக்கமில்லை. பாரிஸில் குடியேறிய ஈழத் தமிழர் அஞ்சல் நிலையத்துக்கும் வாக்குச்சாவடிக்கும் செல்லும்போது அதே சொல்லை அலுவலகப் பொருளில் கேட்கின்றனர்; அவர்கள் வீட்டுக் கணினியின் முகப்புத் திரைக்கும் பிரெஞ்சில் பெயர் ‘ப்யூரோ’வே.

பீரோ என்று சொல்வது பிழை, அலுவலகத்தின் பெயரைப் பெட்டிக்குச் சூட்டிய அறியாமை என்று குறை கூறுவோர் உண்டு. துணியின் பெயரை மேசைக்கும், மேசையின் பெயரை அறைக்கும் சூட்டிய பாரிஸ் மக்கள் செய்தது எதுவோ, பூட்டிய மேசையின் பெயரைப் பூட்டிய பெட்டிக்குச் சூட்டிய தென்னிந்தியர் செய்ததும் அதுவே. முன்னதை வளர்ச்சி என்றும் பின்னதைப் பிழை என்றும் பிரிக்க இலக்கணத்தில் இடமில்லை. நிலைப்பேழை என்னும் நல்ல தமிழாக்கம் புழக்கத்துக்கு வருமானால் அதையும் வரவேற்கலாம். பேழையும் பெட்டகமும் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் சொற்கள், கோயில் அணிகலன்களையும் ஓலைச்சுவடிகளையும் காத்தவை. ஆனால் அதுவரை அகராதிகள் பீரோவை ‘அலுவலகம்’ என்னும் பொருளுக்குக் கீழே ஒரு கொச்சை வழக்காக ஒதுக்காமல், தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் தனக்கென்று பொருள் பெற்ற சொல்லாகத் தனித் தலைப்பிட்டு, ஆட்டுமயிரிலிருந்து எஃகுத் தகடு வரையிலான அதன் வரலாற்றையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும்.